மனச்சோர்வு மருந்து மூளைக்குள் என்ன செய்கிறது? மூத்தோருக்கான விளக்கம்

“ரெண்டு வாரமா இந்த மாத்திரையைச் சாப்பிடுறேன். ஒரு மாற்றமும் தெரியலை. இனி எதுக்குச் சாப்பிடணும்?”

மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கத் தொடங்கிய மூத்தோர் பலர் இப்படிக் கேட்கிறார்கள். சிலர் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். மருந்து வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் இது நடக்கிறது.

இந்த மாத்திரைகள் பலன் தரச் சில வாரங்கள் ஆவதற்குக் காரணம் உண்டு. அது மூளையில் மெதுவாக நடக்கும் மாற்றங்களோடு தொடர்புடையது. அவற்றுள் ஒன்று, புதிய நரம்பு உயிரணுக்கள் வளர்வது. அதைப் பற்றியும், மருந்தைப் பாதுகாப்பாக எடுத்துக்கொள்வது பற்றியும் இந்தக் கையேட்டில் தெரிந்துகொள்ளலாம்.

மனச்சோர்வு என்பது ஒரு நோய்

கவலை எல்லாருக்கும் வரும். வாழ்க்கைத் துணையை இழந்தாலோ, பிள்ளைகள் தனிக்குடித்தனம் போனாலோ, முழங்கால் வலியால் வெளியே நடமாட முடியாமல் போனாலோ மனம் வாடுவது இயல்பு. சில நாட்களில் மனம் தேறிவிடும்.

ஆனால், கீழ்க்காணும் அறிகுறிகளில் பல, இரண்டு வாரம் அல்லது அதற்கும் மேலாக, கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம்:

• எந்நேரமும் மனம் கனத்திருப்பது, அல்லது வெறுமையாக இருப்பது
• முன்பு பிடித்தவற்றில் நாட்டம் இல்லாமல் போவது: கோயிலுக்குப் போவது, தொலைக்காட்சித் தொடர், பேரப்பிள்ளைகளோடு பேசுவது
• தூக்கம் வராமை, விடியற்காலையிலேயே விழித்துக்கொள்வது, அல்லது அளவுக்கு மீறித் தூங்குவது
• பசியின்மை, எடை குறைவது
• காரணம் தெரியாத உடல் வலி, அசதி
• எரிச்சல், படபடப்பு
• மறதி, எதிலும் கவனம் செலுத்த முடியாமை
• “நான் எல்லாருக்கும் பாரமாகிவிட்டேன்” என்ற எண்ணம், வாழ்வதில் விருப்பம் இல்லாமை

மூத்தோரில் பலர் “மனசு சரியில்லை” என்று சொல்வதில்லை. “உடம்புக்கு முடியலை”, “சாப்பாடு இறங்க மாட்டேங்குது” என்றுதான் சொல்வார்கள். அதனால் வீட்டில் உள்ளவர்கள் அதை வயதின் கோளாறு என்று விட்டுவிடுகிறார்கள். மனச்சோர்வு முதுமையின் இயல்பான பகுதி அன்று. அது மனவலிமைக் குறைவும் அன்று. நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம் போலவே இதுவும் சிகிச்சை அளிக்கக்கூடிய நோய்.

மூளையில் புதிய உயிரணுக்கள் பிறக்குமா?

“மூளையில் உள்ள உயிரணு செத்தால் செத்ததுதான், புதிதாக வளராது” என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். மருத்துவர்களும் பல காலம் அப்படித்தான் நம்பினார்கள்.

1960களில் அமெரிக்காவைச் சேர்ந்த ஜோசப் ஆல்ட்மன் என்ற ஆய்வாளர், வளர்ந்த எலிகளின் மூளையில் புதிய நரம்பு உயிரணுக்கள் உருவாவதற்கான சான்றுகளை வெளியிட்டார். அப்போது அதைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை.

1998இல் சுவீடனைச் சேர்ந்த பீட்டர் எரிக்சன், அமெரிக்காவைச் சேர்ந்த ஃபிரெட் கேஜ் ஆகியோரின் குழு மனித மூளையிலும் இதைக் கண்டது. அவர்கள் ஆராய்ந்தது, புற்றுநோயால் இறந்த ஐந்து பேரின் மூளைத் திசுவை. அவர்கள் உயிரோடு இருந்தபோது, நோயறியும் சோதனைக்காக ஒரு வேதிப்பொருள் அவர்கள் உடலில் செலுத்தப்பட்டிருந்தது. அது புதிதாகப் பிரியும் உயிரணுக்களில் மட்டும் படியும். அந்த அடையாளம் மூளையின் ஒரு பகுதியில் இருந்த நரம்பு உயிரணுக்களிலும் காணப்பட்டது.

அந்தப் பகுதியின் பெயர் ஹிப்போகாம்பஸ். காதுகளுக்கு உட்புறமாக, மூளையின் இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இது இருக்கிறது. பார்ப்பதற்குக் கடல்குதிரை போல வளைந்திருக்கும். புதிய செய்திகளை நினைவில் வைப்பது, போன வழியை நினைவுகொள்வது, மனவுளைச்சலைக் கட்டுப்படுத்துவது ஆகியவற்றில் இதற்கு முக்கியப் பங்கு உண்டு.

2013இல் சுவீடனின் கரோலின்ஸ்கா கழக ஆய்வாளர்கள் வேறொரு வழியில் கணக்கிட்டார்கள். 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வானவெளியில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் ஒரு வகைக் கரிமம் அதிகமானது. அது உணவு வழியாக எல்லார் உடலிலும் சேர்ந்தது. ஓர் உயிரணுவில் அந்தக் கரிமம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால், அந்த உயிரணு ஏறத்தாழ எந்த ஆண்டில் பிறந்தது என்று சொல்லிவிடலாம். இந்த முறையில், மனிதரின் ஹிப்போகாம்பஸில் நாளொன்றுக்குச் சுமார் 700 புதிய நரம்பு உயிரணுக்கள் சேர்வதாக அவர்கள் மதிப்பிட்டார்கள். வயது ஏற ஏற அது ஓரளவே குறைந்தது.

மனச்சோர்வு மூளையை எப்படிப் பாதிக்கிறது?

நீண்ட நாள் மனவுளைச்சலில் இருந்தால் உடலில் கார்ட்டிசோல் என்ற சுரப்பு நீர் அதிகமாகிறது. அது தொடர்ந்து கூடுதலாக இருந்தால் ஹிப்போகாம்பஸுக்கு நல்லதன்று. ஓயாத உளைச்சலுக்கு ஆளான விலங்குகளில் புதிய உயிரணுக்கள் பிறப்பது குறைகிறது. இருக்கும் நரம்பு உயிரணுக்களின் கிளைகளும் சுருங்குகின்றன. மனச்சோர்வு நீண்ட காலம் இருந்தவர்களுக்கு ஹிப்போகாம்பஸ் சராசரியாகச் சற்றே சிறியதாக இருப்பதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியுள்ளன.

மனச்சோர்வு உள்ளவர்கள் “சாவியை எங்கே வச்சேன்னு தெரியலை, பேரு மறந்து போகுது” என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மருந்து என்ன செய்கிறது?

மனச்சோர்வுக்கு மருத்துவர்கள் வழக்கமாகத் தரும் மருந்துகளில் ஃபுளுவாக்சட்டின், செர்ட்ரலின், எசிட்டலோப்ராம், மிர்ட்டாசபின் போன்றவை உள்ளன. இவற்றில் பல, நரம்பு உயிரணுக்களுக்கு இடையே செய்தி கொண்டு செல்லும் செரோட்டோனின் என்ற பொருளை அதிக நேரம் தங்க வைக்கின்றன.

மாத்திரை போட்ட சில மணி நேரத்திலேயே இந்த மாற்றம் தொடங்கிவிடுகிறது. ஆனால் மனம் தேறுவதற்கு வாரங்கள் ஆகின்றன. அப்படியானால் இடைப்பட்ட காலத்தில் மூளையில் வேறு ஏதோ நடக்க வேண்டும். அது என்ன என்ற கேள்விதான் ஆய்வாளர்களைப் புதிய உயிரணுக்களின் பக்கம் திருப்பியது.

• 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ரொனால்டு டூமன் குழுவினர் எலிகளுக்கு மனச்சோர்வு மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஹிப்போகாம்பஸில் புதிய உயிரணுக்கள் அதிகமாயின. ஒரு நாளிலோ ஐந்து நாளிலோ அது தெரியவில்லை. இரண்டு வாரம் கொடுத்த பிறகே தெரிந்தது.

• 2003இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரெனே ஹென் குழுவினர் சுண்டெலிகளின் ஹிப்போகாம்பஸில் கதிர் பாய்ச்சிப் புதிய உயிரணுக்கள் பிறப்பதைத் தடுத்தார்கள். அதன் பிறகு மருந்து கொடுத்தபோது, சுண்டெலிகளின் பதற்றத்தைக் குறைக்கும் பலன் கிடைக்கவில்லை. ஆக, மருந்தின் பலனில் ஒரு பகுதிக்கேனும் புதிய உயிரணுக்கள் தேவை என்று தெரிந்தது.

• 2009இல் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், இறந்தவர்களின் மூளைத் திசுவை ஆராய்ந்தார்கள். மனச்சோர்வுக்கு மருந்து எடுத்தவர்களின் ஹிப்போகாம்பஸில், மருந்து எடுக்காதவர்களைவிட, புதிய உயிரணுக்களைத் தரும் மூல உயிரணுக்கள் கூடுதலாக இருந்தன. இந்த ஆய்வில் இடம்பெற்றவர்கள் சிலரே.

மருந்து இன்னொன்றும் செய்கிறது. மூளையில் பிடிஎன்எஃப் என்ற ஒரு புரதம் இருக்கிறது. அது நரம்பு உயிரணுக்களுக்கு உரம் போன்றது. உயிரணுக்கள் பிழைத்திருக்கவும், கிளை விடவும், ஒன்றோடொன்று இணையவும் அது உதவுகிறது. மனச்சோர்வு மருந்துகள் இந்தப் புரதத்தின் வேலையை ஊக்குவிப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

ஏன் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்?

வீட்டு வாசலில் தொட்டியில் கறிவேப்பிலைக் கன்று வைக்கிறீர்கள். வைத்த மறுநாளே இலை பறிக்க முடியாது. வேர் பிடிக்க வேண்டும், துளிர் விட வேண்டும். மேலே ஒன்றும் தெரியாத நாட்களில்தான் மண்ணுக்குள் வேர் ஓடிக்கொண்டிருக்கும்.

மூளையிலும் அப்படித்தான். எலிகளில், புதிதாகப் பிறந்த ஒரு நரம்பு உயிரணு முதிர்ந்து மற்றவற்றோடு இணைய ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகின்றன. மனிதர்களிலும் மருந்தின் பலன் தெரிய வழக்கமாக 2 முதல் 4 வாரங்கள் ஆகும். முழுப் பலன் கிடைக்க 6 முதல் 8 வாரங்கள் ஆகலாம். மூத்தோருக்கு இன்னும் சற்றுக் கூடுதலாகவும் ஆகலாம்.

தூக்கம், பசி ஆகியவை முதலில் சீராகலாம். மனம் தெளிவது அதற்குப் பிறகு வரலாம். “மனசு இன்னும் மாறலையே” என்று நினைக்கும்போது, “தூக்கம் கொஞ்சம் மேலா? சாப்பாடு பிடிக்குதா?” என்றும் உங்களையே கேட்டுப் பாருங்கள்.

ஆய்வாளர்கள் எதில் ஒத்துப்போகவில்லை?

புதிய உயிரணுக்கள் பற்றிய செய்திகளை நீங்கள் வாட்ஸ்அப்பிலும் பார்க்கக்கூடும். “மூளையைப் புதுப்பிக்கும் மாத்திரை” என்றெல்லாம் அங்கே எழுதுவார்கள். அவற்றை அப்படியே நம்ப வேண்டாம். பின்வருவனவற்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்:

• 2018இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு ஒன்று, பெரியவர்களின் மூளையில் புதிய நரம்பு உயிரணுக்களைக் காண முடியவில்லை என்று அறிவித்தது. அடுத்த மாதமே கொலம்பியா பல்கலைக்கழகக் குழு, 79 வயது வரை உள்ளவர்களின் மூளையிலும் அவற்றைக் கண்டதாக அறிவித்தது. திசுவைப் பதப்படுத்தும் முறையும் சோதிக்கும் முறையும் வேறுபட்டது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. மனிதர்களிடம் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்பதில் கருத்து வேறுபாடு இன்னும் இருக்கிறது.

• மருந்தினால் உயிரணுக்கள் கூடுவதற்கான சான்றுகள் பெரும்பாலும் விலங்குகளிடம் கிடைத்தவை. அதிலும் வயதான சுண்டெலிகளில் இந்த விளைவு இளம் சுண்டெலிகளைவிடக் குறைவாகவே தெரிந்தது.

• மருந்து பலன் தரும் வழி இது ஒன்று மட்டும் அன்று. இருக்கும் உயிரணுக்களுக்கு இடையே இணைப்புகள் வலுப்படுவதும் முக்கியம்.

• மனச்சோர்வு மருந்து ஞாபக சக்தி மருந்து அன்று. முதுமை மறதி நோயைத் தடுப்பதற்காக இதை எடுக்கக் கூடாது. மறதி இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது மனச்சோர்வாலா, முதுமை மறதி நோயாலா, வேறு காரணத்தாலா என்று அவர் சோதித்துச் சொல்வார்.

உயிரணு பற்றிய ஆய்வுகள் எப்படி முடிந்தாலும், மருந்து மனச்சோர்வைக் குறைக்க உதவுகிறது என்பது மனிதர்களிடம் நேரடியாகச் சோதிக்கப்பட்டது. மருத்துவர் உங்களுக்கு மருந்து தருவது அந்தச் சான்றை வைத்துத்தான்.

ஓர் எடுத்துக்காட்டு

எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மா. கணவர் மறைந்த பிறகு சந்தைக்குப் போவதை நிறுத்திவிட்டார். இரவில் தூக்கமில்லை. பலதுறை மருந்தகத்தில் மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். முதல் வாரம் லேசான குமட்டல். பத்தாம் நாள் மாத்திரை டப்பாவை அலமாரிக்குள் தள்ளிவிட்டார்.

மகள் கவனித்துக் கேட்டார். “பைத்தியத்துக்குக் கொடுக்கிற மாத்திரைன்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க. பழகிடுமாம்” என்றார் அம்மா.

“அம்மா, நாமளா நிறுத்த வேண்டாம். டாக்டர்கிட்டயே கேட்டுடுவோம்” என்று மகள் அழைத்துப் போனார்.

மருத்துவர் அளவைக் குறைத்து, உணவுக்குப் பிறகு எடுக்கச் சொன்னார். குமட்டல் போனது. சில வாரங்களில் தூக்கம் திரும்பியது. பிறகு ஒருநாள் அவரே பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினார். இன்னும் கணவரை நினைத்தால் கண் கலங்குகிறது. ஆனால் அந்த நினைவோடு அன்றாட வேலைகளைச் செய்ய முடிகிறது.

எல்லாருக்கும் முதல் மருந்தே பொருந்தும் என்று சொல்ல முடியாது. பொருந்தாவிட்டால் மருத்துவர் வேறு மருந்தைத் தருவார்.

பலர் கேட்கும் கேள்விகள்

இந்த மாத்திரைக்கு அடிமையாகிவிடுவேனா?
மனச்சோர்வு மருந்துகள் போதை தருவதில்லை; மேலும் மேலும் வேண்டும் என்ற ஏக்கத்தையும் உண்டாக்குவதில்லை. ஆனால் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், பதற்றம், தூக்கக் கெடுதி வரலாம். அதனால் மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும்.

மனம் தேறியதும் நிறுத்தலாமா?
கூடாது. தேறிய பிறகும் வழக்கமாகக் குறைந்தது 6 மாதங்களாவது தொடர வேண்டும். மூத்தோருக்கும், முன்பே மனச்சோர்வு வந்தவர்களுக்கும் இன்னும் நீண்ட காலம் தேவைப்படலாம். சீக்கிரம் நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம்.

ஒரு வேளை மறந்துவிட்டால்?
அடுத்த வேளைக்கு இரண்டு மாத்திரை சேர்த்துப் போடாதீர்கள். என்ன செய்ய வேண்டும் என்று மருந்தாளரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை மட்டும்தான் வழியா?
இல்லை. மனநல ஆலோசனையும் பேச்சு சிகிச்சையும் நல்ல பலன் தருபவை. லேசான மனச்சோர்வுக்கு மருந்தில்லாமலே அவை போதுமானதாக இருக்கலாம். சிலருக்கு இரண்டும் சேர்ந்து தேவைப்படும்.

மூத்தோர் கவனிக்க வேண்டியவை

வயதான உடல் மருந்தை மெதுவாகவே வெளியேற்றும். ஆகவே மருத்துவர் குறைந்த அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுவார். நீங்கள் கவனிக்க வேண்டியவை:

• உடலில் உப்புச் சத்து குறைவது. தலைவலி, குமட்டல், குழப்பம், தள்ளாட்டம் ஆகியவை அறிகுறிகள். முதல் சில வாரங்களில் இது வரலாம். ரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் போக்கும் மாத்திரை எடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.
• தலைசுற்றல், விழுதல். படுக்கையிலிருந்து எழும்போது சற்று உட்கார்ந்திருந்து, பிறகு மெதுவாக எழுந்திருங்கள். இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் விளக்கு எரியட்டும்.
• ரத்தக் கசிவு. ஆஸ்பிரின், வார்ஃபரின், சில வலி மாத்திரைகள் ஆகியவற்றோடு சேரும்போது இந்த ஆபத்து கூடும். மலம் கறுப்பாகப் போனால் உடனே மருத்துவரைப் பாருங்கள்.
• மற்ற மருந்துகள். டிரமடோல் என்ற வலி மருந்து, செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை போன்றவை இந்த மருந்துகளோடு சேர்ந்தால் ஆபத்து நேரலாம். நீங்கள் எடுக்கும் நாட்டு மருந்து, சீன மருந்து, சத்து மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.
• மது அருந்துவதைத் தவிருங்கள்.
• மற்றவருக்குத் தந்த மாத்திரையை நீங்கள் எடுக்காதீர்கள். உங்களுடையதை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

மூளைக்கு நீங்களும் உதவலாம்

ஓடும் சக்கரம் வைத்த கூண்டில் வளர்ந்த சுண்டெலிகளின் ஹிப்போகாம்பஸில் புதிய உயிரணுக்கள் கூடுதலாக இருந்ததை 1999இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. மனிதர்களிடமும் நடைப்பயிற்சி நல்லது செய்கிறது. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 55 முதல் 80 வயது வரையிலான 120 பேர் பங்கேற்றார்கள். வாரம் 3 நாள், 40 நிமிடம் வரை, ஓராண்டு நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் ஏறத்தாழ 2 விழுக்காடு பெரிதானது. உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சற்றே சுருங்கியது.

• புளோக்கைச் சுற்றி 10 நிமிடம் நடப்பதிலிருந்து தொடங்குங்கள். காலை வெயில் ஏறுமுன் நடப்பது நல்லது.
• தினமும் ஒரே நேரத்தில் படுத்து, ஒரே நேரத்தில் எழுந்திருங்கள்.
• ஒருவரிடமாவது நாள்தோறும் பேசுங்கள். அருகில் உள்ள துடிப்பாக மூப்படைதல் நிலையத்தில் உடற்பயிற்சி, கைவேலை, கூட்டாகச் சாப்பிடுவது போன்ற நடவடிக்கைகள் உண்டு.
• நீரிழிவையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்திருங்கள். மூளையின் நலத்துக்கும் அது தேவை.

இவை மருந்துக்குத் துணை. மருத்துவர் தந்த மருந்துக்கு மாற்று அல்ல.

குடும்பத்தினருக்கு

“எல்லாம் இருக்கு, உங்களுக்கு என்ன குறை?” என்று கேட்காதீர்கள். “நான் பக்கத்துல இருக்கேன், சொல்லுங்க” என்று சொல்லுங்கள். முதல் சில வாரங்கள் மாத்திரை ஒழுங்காக எடுக்கிறார்களா என்று அன்போடு கவனியுங்கள். “வாழ்ந்தது போதும்”, “நான் போய்ச் சேர்ந்தால் தேவலை” என்ற சொற்களை வயதானவர்களின் புலம்பல் என்று ஒதுக்காதீர்கள். அப்படிக் கேட்டால் அன்றே உதவி நாடுங்கள்.

யாரிடம் உதவி கேட்கலாம்?

முதலில் உங்கள் குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ பேசுங்கள். மருத்துவரிடம் தமிழில் பேச வேண்டும் என்றால் தயங்காமல் கேளுங்கள். அல்லது பிள்ளைகளில் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். மனச்சோர்வுச் சிகிச்சைக்கு மெடிசேவ் பணத்தைப் பயன்படுத்தவும், சாஸ் சலுகை பெறவும் உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று மருந்தகத்தில் விசாரியுங்கள்.

• தேசிய மனநல உதவித் தொலைபேசி (24 மணி நேரமும்): 1771
• எஸ்ஓஎஸ் உதவித் தொலைபேசி (24 மணி நேரமும்): 1767
• மனநலக் கழகத்தின் உதவித் தொலைபேசி (24 மணி நேரமும்): 6389 2222
• உயிருக்கு ஆபத்து என்றால்: 995

நினைவில் கொள்ளுங்கள்

1. மனச்சோர்வு ஒரு நோய். அதைக் குணப்படுத்தலாம்.
2. மருந்து பலன் தரச் சில வாரங்கள் ஆகும். மூளைக்கு அந்த அவகாசம் தேவை.
3. நீங்களாக நிறுத்த வேண்டாம். மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டாலும் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ முதலில் பேசுங்கள்.

இக்கையேடு பொதுவான தகவலுக்கு மட்டுமே. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற ஆலோசனையை உங்கள் மருத்துவரிடம் பெறுங்கள்.